கப்பல் பிரயாணத்துக்கு ஒரு காமிரா

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையை ஒட்டிய வடகவுஞ்சியிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வாழ்கிறவர்களுக்கு ஈரம் புதிய விஷயமன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் வீட்டு வாசல்வரை இறங்கிவந்து நின்றுவிடுவதும், கொடியில் போட்ட வேட்டி மறுநாளும் ஈரம் உலராமல் தொங்குவதும், பெட்டிக்குள் மடித்து வைத்த தோல்பையில் வெண்பூஞ்சை பூத்துக் கிடப்பதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். ஆகையால் அவ்வூர்க்காரர் ஒருவர் குடும்பத்துடன் கப்பல் பிரயாணம் செய்யத் தீர்மானித்து, அதற்காக நீர் புகாக் காமிரா ஒன்றை வாங்கப் புறப்படும்போது, "நாம் பார்க்காத ஈரமா?" என்று எண்ணுவது இயற்கையே. ஆனால் மலையின் ஈரத்துக்கும் சமுத்திரத்தின் ஈரத்துக்கும் உள்ள பேதம் மிகப் பெரிது. மலையில் காமிராவுக்குச் சத்துருவாக இருப்பது பூஞ்சை. அது மாதக்கணக்கில் மெள்ள மெள்ள வேலை செய்வது. கடலிலோ உப்பும், அழுத்தமும், வெப்பக் காற்றில் மறைந்திருக்கும் நீராவியும் சேர்ந்துகொண்டு ஒரே பிற்பகலில் காரியத்தை முடித்துவிடக் கூடியவை. இம்மூன்றின் இயல்பையும் அறிந்தவர், விளம்பரத்தில் காணும் பெரிய எண்களைக் கண்டு மயங்காமல், தமக்கு வேண்டியது எது என்பதைத் தாமே நிர்ணயித்துக் கொள்ளலாம்.

கப்பல் பிரயாணம் என்பது பெருஞ்செல்வர்களுக்கே உரியது என்ற காலம் மாறிவிட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'கார்டீலியா' என்னும் சொகுசுக் கப்பலின் பிரயாணம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தொடங்கி வைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. அந்தமானுக்குச் சென்னையிலிருந்தும், லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்தும் அரசாங்கத்துப் பயணிகள் கப்பல்கள் வெகுகாலமாகவே சென்று வருகின்றன. மலையிலிருந்து இறங்கிப் பழனியில் இரவு ரயில் ஏறுகிறவர் மறுநாள் காலையில் சென்னையில் இருப்பார். அதற்குப்பின் அவருக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஒரு டிக்கெட்டைத் தவிர வேறு தடை இல்லை. இப்படிப் புறப்படுகிறவர்கள், பிரயாணத்துக்கு முதல் வாரத்தில் அவசர அவசரமாகச் செய்யும் செலவுகளில் ஒன்றாகக் காமிராவும் சேர்ந்துவிடுகிறது. அவசரத்தில் வாங்குவதற்கு மிகவும் தகாத பொருள் அதுவே.

நீருக்குள் படம் எடுக்கும் ஆசை புகைப்படக் கலையின் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிட்டது. 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேமத் கடற்கரையில் வில்லியம் தாம்ஸன் என்பவர், காமிராவை ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கடலுக்குள் இறக்கிப் படம் எடுத்தார். பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்ட போதிலும், கண்ணாடித் தகட்டில் மங்கலாக ஏதோ பதிந்திருந்தது. 1893இல் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, மத்தியதரைக் கடலில் தாமே நீருக்குள் இறங்கிப் படமெடுக்கும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் ஆழ்கடல் ஆராய்ச்சியாளரான ழாக் கூஸ்தோவின் தூண்டுதலால், பெல்ஜியத்து எஞ்சினீயர் ழான் து வூட்டர்ஸ், வெளிப்பெட்டி எதுவும் வேண்டாமல் தன்னளவிலேயே நீர் புகாத 'கலிப்ஸோ' என்ற காமிராவை அமைத்தார். அதன் உரிமையைப் பெற்ற ஜப்பானிய நிக்கான் கம்பெனி 1963இல் அதை 'நிக்கோனோஸ்' என்ற பெயரில் உலகெங்கும் விற்றது. டிஜிட்டல் யுகத்தில், 2006ஆம் ஆண்டு வந்த ஒலிம்பஸ் காமிரா ஒன்று மூன்று மீட்டர் ஆழம் தாங்கும் என்பதே பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது; இன்று பதினைந்து மீட்டர் சாதாரணம். தாம்ஸன் காலத்திலிருந்து இன்றுவரை மாறாமல் இருப்பது ஒன்றுண்டு: நீர் புகுந்தால் அது மூடியின் விளிம்பு வழியாகவே பெரும்பாலும் புகுகிறது.

இனி எண்களின் விஷயம். காமிராக்களிலும் செல்போன்களிலும் 'ஐ.பி. 67', 'ஐ.பி. 68' என்றெல்லாம் குறித்திருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இவற்றில் முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. ஆறு என்றால் தூசி சிறிதும் புகாது என்று பொருள். இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்றும், எட்டு என்றால் ஒரு மீட்டருக்கு மேற்பட்டு, தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழமும் நேரமும் வரை தாங்கும் என்றும் கொள்ளவேண்டும். ஆகவே எட்டு என்ற ஒரே எண்ணைத் தாங்கிய இரு கருவிகளில் ஒன்று ஒன்றரை மீட்டருக்கும், மற்றொன்று ஆறு மீட்டருக்கும் உத்தரவாதம் பெற்றிருக்கக் கூடும். இதைவிட முக்கியமான விஷயம், இச்சோதனைகள் அசைவற்ற நன்னீரில் செய்யப்படுகின்றன என்பது. அலை மோதும் கடல் நீரும், குளோரின் கலந்த நீச்சல் குளத்து நீரும், கையில் கருவியுடன் மேலிருந்து குதிக்கும்போது ஏற்படும் திடீர் அழுத்தமும் அந்த எண்ணுக்குள் அடங்குவன அல்ல.

செல்போனே போதுமே, தனிக் காமிரா எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். நீச்சல் குளத்திலும் கடலிலும் தாராளமாக உபயோகிக்கலாம் என்று தோன்றும்படி சில கேலக்ஸி போன்களுக்கு விளம்பரம் செய்ததற்காக, ஸாம்ஸங் கம்பெனியின் ஆஸ்திரேலியக் கிளை ஒரு கோடியே நாற்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் செலுத்த வேண்டும் என்று 2022 ஜூனில் அந்நாட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தகைய நீரில் நனைந்த போனை, சார்ஜர் செருகும் துவாரம் உலர்வதற்கு முன்பே சார்ஜ் செய்தால் அத்துவாரம் அரித்துப் போகும் என்பதே அங்கே வெளிப்பட்ட உண்மை. அதற்கு முன்பே, 2020 நவம்பரில், ஐபோன்களின் நீர்தாங்கும் திறனைப் பற்றிய விளம்பரங்களுக்காக ஆப்பிள் கம்பெனிக்கு இத்தாலியில் ஒரு கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. நீரால் விளையும் பழுதுக்குப் போன் கம்பெனிகள் பொதுவாக வாரண்டி தருவதில்லை. மழைத் தூறலில் போன் பிழைத்துக் கொள்ளும் என்பது மெய். அதற்காக அதை உப்பு நீருக்குள் வேண்டுமென்றே இறக்குவது விவேகமன்று.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், பிரயாணத்தில் நாம் சந்திக்கப் போகும் நீர் எது என்பதைத் தீர்மானித்துக் கொள்ள வேண்டும். சொகுசுக் கப்பலில் பிரயாணம் செய்வோரில் பெரும்பாலோர் கடல் நீரைத் தொடுவதே இல்லை. அவர்கள் சந்திப்பது மேல்தளத்தில் வீசும் உப்புக்காற்றும், குளத்தில் விளையாடும் குழந்தைகள் வாரி இறைக்கும் நீரும் மட்டுமே. இவர்களுக்குப் புதிய காமிராவே தேவையில்லை. நல்ல பிளாஸ்டிக் உறையொன்றைக் கழுத்தில் மாட்டி, அதற்குள் போனை வைத்துக்கொண்டால் போதும். அந்த உறையோடும் போனை நீருக்குள் ஆழ்த்த வேண்டாம். நனைந்த தொடுதிரை விரலுக்குச் சரிவரக் கீழ்ப்படியாது என்பதையும், ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தியே படம் எடுக்க நேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த வகையினர், தீவுகளில் இறங்கி, முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து, நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி பவளப் பாறைகளைப் பார்ப்பவர்கள். அவர்கள் செல்லும் ஆழம் ஓரிரு மீட்டருக்குள் அடங்கும். மூன்றாம் வகையினர், அந்தமானில் முன்பு ஹேவ்லாக் என்று வழங்கிய ஸ்வராஜ் தீவு போன்ற இடங்களில், பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக ஸ்கூபா மூழ்கல் செய்பவர்கள். முன்பயிற்சி இல்லாதவர்களை அழைத்துச் செல்லும் உச்ச ஆழம் பன்னிரண்டு மீட்டர் என்பது பாடி என்னும் சர்வதேசப் பயிற்சி நிறுவனத்தின் விதி. இதைக் கேட்ட பின்னும் முப்பது மீட்டர் தாங்கும் காமிராவைத் தேடி அலைபவர், தாம் ஒருநாளும் போகாத ஆழத்துக்காகக் காசைக் கொட்டுகிறவரே ஆவார்.

கடைகளில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, கோப்ரோ, டி.ஜே.ஐ. ஆஸ்மோ முதலிய ஆக்ஷன் காமிராக்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இவை, தலைக்கவசத்திலும் மார்பிலும் கட்டிக்கொள்ளக் கூடியவை. கோப்ரோ காமிராக்கள் சில வருஷங்களாகவே தனிப்பெட்டி இல்லாமல் பத்து மீட்டர் ஆழமும், 2024இல் வந்த ஆஸ்மோ ஆக்ஷன் 5 ப்ரோ இருபது மீட்டர் ஆழமும் தாங்குகின்றன. அசையும் படத்துக்கு இவை உத்தமமானவை. ஆனால் இவற்றின் பார்வை மிக அகன்றது. தொலைவில் துள்ளும் டால்பினை இவற்றால் எடுத்தால், நீல விரிப்பின்மீது ஒரு புள்ளியே மிஞ்சும். மற்றது, முரட்டுச் சிறுகாமிரா என்று சொல்லத்தக்க ரகம். 2023இல் வந்த ஓ.எம். ஸிஸ்டம் டி.ஜி.-7 பதினைந்து மீட்டர் ஆழமும், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும், நீர் உறையும் நிலைக்குக் கீழே பத்து பாகைக் குளிரும் தாங்கும். நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஜூம் லென்ஸும் உண்டு. அதே ஆண்டில் வந்த ரீக்கோ டபிள்யூ.ஜி.-90 பதினான்கு மீட்டர் தாங்கும்.

இவ்விரு ரகங்களில் மலைவாசிக்கு எது ஏற்றது? கப்பல் பிரயாணம் சில நாட்களில் முடிந்துவிடும். அதற்குப் பின் அந்தக் காமிரா வருஷக்கணக்காக இருக்கப் போவது மேகம் தவழும் மலைச் சரிவில்தான். டி.ஜி.-7 போன்ற காமிராக்களில், லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உள்ள பொருளையும் தெளிவாகப் படமெடுக்கும் வசதி இருக்கிறது. காப்பிச் செடியின் இலையடியில் ஒட்டியிருக்கும் விரல் நகம் அளவுள்ள தவளையும், பாறையில் படர்ந்த பாசியும், மரக்கிளையில் பூத்த ஆர்க்கிடும் தூறலுக்கிடையே அகப்படும் ஊரில், அந்த வசதியின் பிரயோஜனம் கடலில் கிடைப்பதைவிட அதிகம். ஆகையால் வடகவுஞ்சிவாசி ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், இந்த இரண்டாம் ரகத்தையே சொல்வேன்.

மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிறவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, காற்றின் அழுத்தம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவு. காற்றும் புகாதபடி இறுக மூடும் காமிராவை அங்கே மூடி, திறக்காமலே சென்னைக்குக் கொண்டுவந்தால், உள்ளே மலைக்காற்றும் வெளியே கடற்கரைக் காற்றுமாக நின்று, வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அழுத்தும். நீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடுகிறது என்ற கணக்கின்படி, இது இரண்டு மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். அதாவது காமிரா தண்ணீரைக் காண்பதற்கு முன்பே இரண்டு மீட்டர் மூழ்கிவிட்டது! சில சமயம் மூடியைத் திறப்பதற்கே நகம் பெயர்ந்துபோகும். கப்பலில் ஏறியவுடன் ஒருமுறை மூடியைத் திறந்து மூடினால் இந்தப் பேதம் தீர்ந்துவிடும்.

எந்த இடத்தில் வைத்துத் திறப்பது என்பதே இரண்டாவது விஷயம். மூடுபனி கண்ணுக்குத் தெரிவதால், மலைக்காற்றே அதிக ஈரமுடையது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பன்னிரண்டு பாகைக் குளிரில், பனி மூடிய காற்றின் ஒரு கனமீட்டரில் ஆவியாக அடங்கும் நீர் சுமார் 11 கிராம்தான். முப்பது பாகை வெப்பத்தில், பார்வைக்குத் தெளிவாகத் தோன்றும் கடற்காற்று நூற்றுக்கு எழுபது பங்கு ஈரப்பதத்துடன் இருந்தால், அதே ஒரு கனமீட்டரில் சுமார் 21 கிராம் நீராவி ஒளிந்திருக்கிறது. கப்பலின் மேல்தளத்தில் வெயிலில் நின்று காமிராவைத் திறந்து மூடினால், அந்தக் காற்று உள்ளே சிறைப்படுகிறது. பிறகு நீருக்குள் இறங்கி லென்ஸ் குளிர்ந்ததும், கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்து, எடுக்கும் படமெல்லாம் கொடைக்கானல் மேகத்தைப் போல வெளுத்துப் போகும். ஆகையால் பேட்டரி மாற்றுவதையும் மெமரி கார்டு எடுப்பதையும் குளிர்சாதன அறைக்குள் உலர்ந்த கையுடன் செய்யவேண்டும். அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸின் மேற்புறத்தில் படியும் ஆவி வேறு; அதனால் தீங்கில்லை, சற்று நேரத்தில் தானே போய்விடும்.

இப்போது மூடிக்கு வருவோம். பேட்டரி மூடியைத் திறந்தால், அதன் உள்விளிம்பைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று பதிந்திருப்பதைக் காணலாம். கடலுக்கும் காமிராவின் உயிருக்கும் நடுவில் நிற்கும் காவல் அது ஒன்றுதான். ஒரு தலைமயிர், துவாலையின் நூலிழை, கடற்கரை மணலின் ஒரு துகள், இவற்றில் ஏதேனும் அதன்மேல் கிடக்க மூடிவிட்டால், அந்த இடத்தில் ரப்பர் மட்டமாகப் படியாமல் நீருக்கு வழி உண்டாகிறது. மூடும்முன் வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நூல் பிரியாத மெல்லிய துணியால் துடைத்து, எதிர்ப்புறத்து விளிம்பையும் துடைத்து, மூடிய பின் பூட்டு இரண்டும் விழுந்தனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பது கூடவே கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டும். வெயிலிலும் உபயோகத்திலும் ரப்பர் இறுகிவிடுவதால், அதை வருஷம் ஒருமுறை மாற்றிவிடும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பழைய காமிராவை மலிவு விலையில் வாங்குகிறவர் இந்தக் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். லென்ஸ் புதிதுபோல் பளபளத்தாலும் வளையத்துக்கு வயதாகியிருக்கும்.

கடலிலிருந்து ஏறியதும் மூடியைத் திறக்காமலே, ஒரு பாத்திரத்து நல்ல தண்ணீரில் காமிராவைச் சிறிது நேரம் ஊறவைத்து, நீருக்குள்ளேயே பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உப்பு உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படிகங்களாகப் பொத்தான்களின் இடுக்கில் தங்கி, அடுத்த முறை அவற்றை அசைக்கும்போது ரப்பரை அறுக்கும். பிறகு துடைத்து நிழலில் உலர்த்தலாம், வெயிலில் வைக்கலாகாது. சாதனத்தின் சிறப்பைவிடப் பேணுதலின் ஒழுங்கே பெரிது என்பதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ஈரம் ஓயாத அந்த மலையில், எளிதில் கெட்டுப்போகக் கூடிய கண்ணாடித் தகடுகளையும் படச்சுருள்களையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றி, இக்காலத்தில் அவற்றை டிஜிட்டல் படங்களாகவும் மாற்றியிருக்கிறார்கள்.

படம் எடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அது பெரும்பாலும் மங்கிப்போய், செந்நிற மீனும் சாம்பல் பூத்தாற்போல் தோன்றுகிறது. காமிராவில் நீரடிப் படங்களுக்கென்று உள்ள அமைப்பைத் தேர்ந்துகொண்டால் இக்குறை ஓரளவு நிவர்த்தியாகும். நீருக்குள் பொருள்கள் உள்ளதைவிட நான்கில் ஒரு பங்கு அருகில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுவதால், போதிய அளவு நெருங்கிவிட்டோம் என்று நினைத்த இடத்திலிருந்தும் இன்னும் சற்று நெருங்க வேண்டும். ஜூமைப் பயன்படுத்துவதைவிட நீந்தி நெருங்குவதே மேல். பிளாஷ் விளக்கை அணைத்து வைப்பது நல்லது. நீரில் மிதக்கும் துகள்களெல்லாம் அதன் ஒளியில் பனித்துளிகளைப்போல் மின்னிப் படத்தைக் கெடுக்கும். இக்காமிராக்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. ஆகையால் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறமுள்ள மிதவைப் பட்டை ஒன்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது, காமிராவின் விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவான காப்பு.

வாங்கும் வாசகர்களுக்கு முடிவாகச் சொல்வது இது. கடல் நீருக்குள் இறங்கும் எண்ணமே இல்லாவிட்டால் காமிரா வாங்காதீர்கள், உறையொன்று வாங்குங்கள். இறங்குவதாயிருந்தால் பதினைந்து மீட்டருக்கு மேல் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். கடையில் ஆழத்தைக் கேட்பதற்கு முன், மாற்று ரப்பர் வளையம் கிடைக்குமா, பழுதுபார்க்கும் நிலையம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது, நீர் புகுந்தால் வாரண்டி செல்லுமா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிரயாணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே வாங்கி, முதலில் தூறலிலும், பிறகு வீட்டு வாளித் தண்ணீரில் அரைமணி நேரமும் வைத்துப் பாருங்கள். குறை இருந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக அவகாசம் இருக்கும். கடலுக்கு நடுவில் அந்த அவகாசம் கிடைக்காது.